ஒரு ஆரக்கால் குறைகிறது

கிழக்கு தில்லியில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் பால்கனியில், மற்றவர்கள் வாஷிங் மெஷின் வைக்கிற இடத்தில், நான் ஒரு ரம்பம் வைத்திருக்கிறேன். தையல் மெஷின் அளவுதான் இருக்கும். சத்தமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். நான் ரவிக்கை தைத்து மேல்வருமானம் பார்க்கிறேன் என்று கீழ் வீட்டுக்காரர்கள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டம்மா ஒருநாள் ஃபால்ஸ் வைக்கச் சொல்லிப் புடவையும் கையுமாக வந்து நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மரத்தூள் படிந்த என் முகத்தைப் பார்த்து அவர் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

ஸ்க்ரோல் சா என்று இதற்குப் பெயர். மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடும் தொழில். தமிழில் முதுகலை வேறு. ஆனாலும் இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் இதுவரை அகப்படவில்லை. 'சுருள் ரம்பம்' என்றால் ரம்பமே சுருண்டிருக்கும் என்று தோன்றும். சுருள்வது அது வெட்டும் கோடு, ரம்பம் நேரானது. ஐந்து அங்குல நீளம், தடித்த நூல் மாதிரி கனம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள, மோட்டார் அதை நிமிடத்துக்கு 400லிருந்து 1600 தடவை வரை மேலும் கீழுமாக ஆட்டும். பலகையை மேஜை மேல் வைத்து இரண்டு கையாலும் நகர்த்த வேண்டியது நாம். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும், மரம்தான் திரும்பும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பிளேடின் ஒரு பக்க ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று உண்டு. அதனால் நாம் நேராகத் தள்ளினால் அது கோணலாக வெட்டும். கொஞ்சம் கோணலாகத் தள்ளினால்தான் நேராக வெட்டும். சில மனிதர்களோடு பழகியவர்களுக்கு இது கஷ்டமாகத் தெரியாது.

இதில் நான் செய்வது உருவப் படங்கள். ஒரு புகைப்படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கி, கறுப்பு உள்ள இடத்தையெல்லாம் பலகையில் வெட்டி எடுத்துவிட வேண்டும். பின்னால் கறுப்புத் துணி ஒட்டினால், துளைகள் நிழலாகவும் மிஞ்சிய மரம் வெளிச்சமாகவும் தெரியும். கேட்கச் சுலபம். சிக்கல் ஒன்றே ஒன்று: வெட்டியது போக மிஞ்சுவதெல்லாம் ஒரே துண்டாக இருந்தாக வேண்டும். ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர்களின் தகரப் பெட்டிகளில் பெயிண்டால் பெயர் எழுதியிருப்பார்களே, அந்த அச்சுத் தகட்டை நினைத்துப் பாருங்கள். 'க' வெட்டினால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும். விழாமல் இருக்க ஓரிடத்தில் கொஞ்சம் வெட்டாமல் விட வேண்டும். அதைப் பாலம் என்கிறார்கள். ஒரு முகத்தில் கண்ணின் வெள்ளை, மூக்கு நுனி, கீழுதடு எல்லாமே இப்படித் தீவுகள்தான். எங்கே பாலம் போடுவது, எதை விழ விடுவது என்று முடிவு செய்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

2020ல் ஊரடங்கின்போது தொடங்கியது இது. இருபது வருடமாகச் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வருடச் செய்திகளைத் தமிழாக்குவது பெரும்பாடாக இருந்தது. இரவில் தூக்கம் வராமல், பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் பிடித்த 'ப' வடிவ ரம்பத்தை ஒன்று வாங்கி அட்டைப் பெட்டிகளை வெட்ட ஆரம்பித்தேன். நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நடுத்தர வர்க்கம் மொத்தமும் இந்த மோகத்தில் இருந்திருக்கிறது. 1895ல் 'ஹாபீஸ்' என்று ஒரு வாரப் பத்திரிகையே ஆரம்பித்து, இதழோடு வெட்டுவதற்கான வரைபடத்தையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகைக்காரியாக எனக்கு அந்த விற்பனைத் தந்திரத்தின் மேல் மரியாதை உண்டு.

ஊரடங்கு தளர்ந்ததும் மெஷின் வாங்க ஜி.பி. ரோடு போனேன். பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்தத் தெருவின் மாடிகள்தான் நீங்கள் நினைப்பது. கீழ்த்தளம் நெடுகிலும் இயந்திரக் கருவிக் கடைகள். மூன்று கடைகளில் 'வீட்டுக்காரரை அனுப்புங்கள்' என்றார்கள். நான்காவது கடைக்காரர் எதுவும் கேட்காமல் பிளக்கைச் சொருகி ஓட்டிக் காட்டினார். பதினாறு அங்குல மெஷின். அதாவது பிளேடுக்கும் பின்னாலிருக்கும் தூணுக்கும் நடுவே அவ்வளவு இடம். ரூ. 14,000. என் கணவர் அந்தத் தொகைக்கு வாங்கக்கூடிய வேறு பொருள்களின் பட்டியலை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கற்றுக்கொடுத்தவர் கீர்த்தி நகர் மரச் சந்தையில் ஒரு பெரியவர். சஹாரன்பூர்க்காரர். அந்த ஊரில் சீசம் மரத்தில் ஜாலி வேலை தலைமுறை தலைமுறையாக வருவது. இவர் இப்போது பூஜை மண்டபங்களுக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் ஜாலி வெட்டுகிறார். நான் பிளைவுட் வாங்கப் போன இடத்தில் வேடிக்கை பார்க்க ஆரம்பித்து, பிறகு சனிக்கிழமைதோறும் போய் அவர் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். உருவரையை அவர் 'காகா' என்பார். 'முதலில் காகா சரியாக இருக்க வேண்டும் பேட்டி' என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பட்டறைக் கூரையில் காக்கை உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அவர் சொன்ன விதிகள் இரண்டுதான். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வா. ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவை வெட்டும்போது பலகைக்குத் தெம்பு இருக்காது. சின்னதை முதலில் வெட்டு. பெரிதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இனி அந்தக் கார்.

எங்கள் வீட்டில் ஒரு புகைப்படம் உண்டு. எழுபதுகளின் நடுவில் எடுத்தது, நான் பிறப்பதற்கு முன். மத்திய தில்லியில் ஒரு பங்களா முற்றம். 1928ம் வருடத்துச் செவர்லே, மேல்கூரை மடிக்கிற திறந்த கார். ஸ்டியரிங்கில் தொப்பி வைத்த முதலாளி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்த அவர் மனைவி, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். முன் சக்கரத்துக்கு அருகில், காக்கிச் சட்டையில், முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிற ஒருவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் என் அப்பா. அவர் எழுந்து நகரும்வரை புகைப்படக்காரர் காத்திருக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லவும் இல்லை.

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 1967ல் தில்லி வந்தவர் அப்பா. அந்த வீட்டில் டிரைவர். தினசரி ஓட்டியது அம்பாசிடர். செவர்லே தனி மரியாதைக்குரியது. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் கார் பூட்டும் தொழிற்சாலை தொடங்கிய வருடம் 1928. செவர்லே நாலு சிலிண்டர் எஞ்சினோடு வந்த கடைசி வருடமும் அதுதான். மறு வருடம் ஆறு சிலிண்டர் வந்துவிட்டது. அந்தக் காலத்துக் காரில் பாதி மரம். வெளியே தெரிகிற தகடு ஒரு தோல்தான். உள்ளே எலும்புக்கூடு மரச் சட்டம். இந்தக் காருக்குச் சக்கரத்தின் கம்பிகளும் மரம். ஆங்கிலத்தில் ஸ்போக். அப்பாவுக்கு அது ஆரக்கால். நடுவில் இருப்பது குடம். ஊரில் கட்டை வண்டியோடு வளர்ந்தவர்.

அந்த ஆரக்கால்களால்தான் அப்பாவுக்கு அந்த வீட்டில் ஒரு இடம் கிடைத்தது. தில்லி மே மாதத்தின் அனல் காற்றில் மரம் சுருங்கி, கார் நகரும்போதெல்லாம் சக்கரம் முனகும். மெக்கானிக்குகள் கிரீஸ் வைத்துப் பார்த்தார்கள். அப்பா ராத்திரி நேரத்தில் நாலு சக்கரத்துக்கும் கோணிப்பை சுற்றித் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஊரில் வண்டிச் சக்கரத்தைக் குளத்தில் இறக்கி ஊறப் போடுவதில்லையா, அதே வைத்தியம். மரம் உப்பிப் பொருந்திக்கொண்டது. அதன் பிறகு அந்தக் கார் அவர் பொறுப்பு.

பொறுப்பு என்றால் துடைப்பது, எண்ணெய் போடுவது, கூரையின் கான்வாஸைத் தைப்பது. ஓட்டுவது முதலாளிதான். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ல் தில்லியில் தொடங்கிய பழைய கார் ராலி ரொம்பப் பிரசித்தம். பாரகம்பா ரோட்டில் பத்திரிகை அலுவலக வாசலில் கொடி அசைப்பார்கள். முதலாளி குடும்பத்தோடு செவர்லேயில் போவார். அப்பா பின்னால் அம்பாசிடரில், டூல் பாக்ஸும் இரண்டு டின் தண்ணீருமாகப் போவார். நான் சிறுமியாக இருந்தபோது ஓரிரு தடவை அம்பாசிடரின் முன் சீட்டில் டூல் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

1990ல் காரை விற்றார்கள். பையன்கள் தாங்களே மாருதி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். ஜெய்ப்பூர் பக்கத்திலிருந்து ஒருவர் லாரியோடு வந்து செவர்லேயை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அப்பாவுக்கு ஒரு மாதச் சம்பளமும், பின்கட்டில் எங்கள் அறையைக் காலி செய்யப் பதினைந்து நாளும் கொடுத்தார்கள். எனக்குப் பதினொரு வயது. திரிலோக்புரியில் ஒற்றை அறை. அம்மா நாலு வீட்டில் சமைக்கப் போனாள். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார். ஒரு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மா இட்லி மாவு விற்ற சில்லறையை எண்ணி என் பஸ் பாஸுக்கு எடுத்து வைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா அந்த வீட்டைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவர் சொல்லாததையும் சேர்த்து நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவை எல்லாம் பழங்கதை. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய கார் 'விண்டேஜ்'. தனி நம்பர் வரிசை, நடுவே 'வி.ஏ.' என்ற எழுத்து. தினசரி உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. கார்ப் பிரியர்கள் கணக்குக் கறாரானது. 1930க்குப் பிறகு வந்ததை அவர்கள் விண்டேஜ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் செவர்லே இரண்டு கணக்கிலும் தேறும். 'எங்கள்' என்று கை தானாக எழுதிவிட்டது.

போன வருடம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தது. அம்மா போன பிறகு அவர் என்னோடுதான். கண் தெளிந்ததும் அவர் பார்க்க ஏதாவது செய்துகொடுக்க வேண்டும் என்று அந்தப் படத்தை எடுத்தேன். பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில், ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் கார்.

கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 256 சாம்பல் படிகள். அதில் எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும்; கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் வெள்ளை. கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தியபோது முதலாளியின் முகம் தொப்பி நிழலில் மறைந்து மறைந்து வந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இது காரின் படம். இவர்களெல்லாம் எதற்கு? இவர்களை நான் பத்து வாரம் உட்கார்ந்து வெட்டி என் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமா?

எடுத்துவிட்டேன். நாலு பேரையும் அழித்து, சீட்டின் முதுகை வரைந்து நிரப்பினேன். அப்பாவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஆளில்லாத காரின் சக்கரத்தை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தால் அது வொர்க்‌ஷாப் படம் மாதிரி இருந்தது. அதோடு, முதுகைக் காட்டி வேலை செய்கிற கோலத்தில் என் அப்பாவை நான் ஏன் நிரந்தரமாக்க வேண்டும்? அவரையும் எடுத்துவிட்டேன். அவர் கை மறைத்த இடத்தில் ஆரக்கால்களை நானாக, சம இடைவெளி விட்டு வரைந்தேன். பின் சக்கரத்தில் மட்கார்டுக்குக் கீழே தெரிகிற பாதியை எண்ணி இரண்டால் பெருக்கியிருக்கலாம். செய்யவில்லை.

ஒரு தொழில்நுட்பச் சங்கடம் மட்டும் மிச்சமிருந்தது. டயர் கறுப்பு. அதை வளையமாக வெட்டி எடுத்தால், உள்ளே இருக்கும் சக்கரம் முழுவதும் எட்டணா மாதிரி தனியே விழுந்துவிடும். டயரில் வெயில் பட்டுப் பளபளப்பது போல மூன்று இடத்தில் பொய்ப் பாலம் போட்டேன்.

மொத்தம் 112 துளை. ஒவ்வொன்றுக்கும் முதலில் ஊசி டிரில்லால் ஓட்டை போட்டு, பிளேடின் மேல் நுனியைக் கழற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, இழுத்து முறுக்கி, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். தம்புராவின் தந்தி மாதிரி 'ணங்' என்றால் சரி. 'தொப்' என்றால் இன்னும் முறுக்க வேண்டும். காகிதத்தின் மேல் பார்சல் டேப் ஒட்டினால் மரம் கருகாது என்பது பெரியவர் சொன்னது. ரேடியேட்டர், விளக்கு, மட்கார்டின் வளைவு... ஒன்பது ஞாயிற்றுக்கிழமை. பதினேழு பிளேடு ஒடிந்தது. உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவி, கறுப்பு வெல்வெட் ஒட்டி நிமிர்த்தியபோது, சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

அப்பாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாத்தி வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எழுந்து கிட்டே வந்தார். முன் சக்கரத்தில் விரலை வைத்துச் சுற்றினார். உதடு அசைந்தது.

"ஏம்மா, ஒரு ஆரக்கால் கொறையுதே."

"இல்லைப்பா, சரியாத்தான் இருக்கும்."

"கொறையுது. டெய்லி வால்வுகிட்டேர்ந்து ஆரம்பிச்சு எண்ணிக்கிட்டேதான் தொடைப்பேன். எனக்குத் தெரியாதா?"

பிறகு இரண்டடி பின்னால் போய் மொத்தப் படத்தையும் பார்த்தார்.

"சாப் எங்க? மேம்சாப் எங்க? புள்ளைங்க?"

நான் காரை மட்டும் செய்தேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் இருந்தார்களே, எங்கே போனார்கள் என்று குழந்தை மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டார். முப்பத்தைந்து வருடமாக உள்ளே இருந்தது எனக்கு வாயில் வந்துவிட்டது. பதினைந்து நாள் கெடு கொடுத்தவர்களை நான் எதற்கு வெட்ட வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமில்லாதது போலச் சொன்னார்.

"உனக்கு நாலு வயசு. டைஃபாய்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஜன்னி கண்டுடுச்சி. அம்பாசிடர் ஒர்க்‌ஷாப்ல கெடக்குது. சாப்தான் சொன்னாரு, செவர்லேய எடுன்னு. என்னையே ஓட்டச் சொன்னாரு. அதுக்கு ஒரு ஹெட்லைட் எரியாது. முன்னாடி ஒக்காந்து டார்ச் அடிச்சிக்கிட்டே வந்தாரு ஆஸ்பத்திரி வரைக்கும். மேம்சாப் மடியில நீ. உங்கம்மா அழுதுக்கிட்டே பின்னாடி. அந்த வண்டிய நான் ரோட்டுல ஓட்டுனது அன்னிக்கி ஒருநாள்தான்."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். நீ கேட்டாயா என்றார்.

இருந்தாலும் பதினைந்து நாள் கெடு நியாயமா என்று விடாமல் கேட்டேன். நான் அப்படித்தான்.

"நியாயம்னு யார் சொன்னா? அது வேற. படத்துல இருந்தவங்க படத்துல இருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இளம் உதவியாசிரியர்களுக்கு மொழிபெயர்ப்பு வகுப்பு எடுக்கும்போது நான் முதலில் சொல்கிற விதி, மூலத்தில் உனக்குப் பிடிக்காத வாக்கியம்தான் நீ விட்டுவிடுகிற வாக்கியம், அதை முதலில் தேடு என்பது. கணிசமான மதிப்பூதியம் வாங்கிக்கொண்டு சொல்லி வருகிறேன்.

இரண்டாவது பலகைக்குப் பதினான்கு வாரம் ஆயிற்று. முகம் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நக அளவு. அரை மில்லிமீட்டர் பிசகினால் வேறொருவர் முகமாகிவிடும். மேம்சாப் சுலபம், கறுப்புக் கண்ணாடி ஒரே வெட்டு. முதலாளிதான் படுத்தினார். தொப்பி நிழலில் கண் கிடையாது, மூக்கும் முகவாயும்தான் வெளிச்சத்தில். கோட்டைச் சற்று மேலே நகர்த்தினால் கொடூரமான ஆளாகத் தெரிந்தார். கீழே நகர்த்தினால் சிரிப்பவர் போல இருந்தார். இரண்டும் என் கையில் இருந்தது. புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிற, ராலியில் வண்டி வழியில் நின்றுவிடக் கூடாதே என்று கவலைப்படுகிற ஒரு நாற்பது வயது மனிதர். என்னைவிட இளையவர். அப்படி வருகிற வரை ஆறு தடவை உருவரையை மாற்றினேன். சின்னப் பையனின் முகவாய் வெட்டி முடித்த பிறகு உடைந்து மேஜைக்கடியில் விழுந்தது. டார்ச் அடித்துத் தேடி எடுத்து ஃபெவிகால் போட்டு ஒட்டினேன்.

அப்பாவுக்கு மொத்தம் ஏழே வெட்டு. காலர், காதுக்குப் பின்னால் நிழல், சட்டை மடிப்பு மூன்று, இடுப்பு, குந்திய காலின் உள்பக்கம். காக்கிச் சட்டை முழுதும் கறுப்புக்குள் போயிருக்க வேண்டியது. முதுகில் வெயில் விழுந்த பட்டைகளை மட்டும் மெல்லிய கம்பிகளாக நிறுத்தினேன். அவர் கறுப்பு. ஆனால் முழங்கைக்குக் கீழே கை ஈரமாக இருந்திருக்கிறது. அந்த ஈரத்தில் காலை வெயில் பட்டு, படத்திலேயே அதிக வெளிச்சமான இடம் அந்தக் கைதான். 256 படியில் கோட்டை எங்கே வைத்தாலும் அது வெள்ளையாகவே நின்றது. மட்கார்டிலிருந்து டயரைக் குறுக்கே தாண்டி, ஆரக்கால்களுக்குள் போய் முடிகிறது. முதல் பலகையில் நான் போட்ட மூன்று பொய்ப் பாலம் தேவைப்படவில்லை. சக்கரத்தை அந்தக் கையே பிடித்துக்கொண்டது.

கீர்த்தி நகருக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். பலகையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். முன்பக்கத்தை அப்புறம்தான் பார்த்தார். ரேடியேட்டரில் பிளேடு இரண்டு இடத்தில் ஓடிவிட்டது என்றார். கையைத் தொட்டு, 'இது யார் போட்ட பாலம்?' என்று கேட்டார். போட்டோவிலேயே இருந்தது என்றேன்.

அப்பா இந்தத் தடவை எண்ணவில்லை. கை மறைக்கிற ஆரக்காலை எண்ண முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விரல் வைத்தார். தன் முதுகுக்கு வந்ததும், "சட்டை கிழிஞ்சிருந்துது, அது தெரியல நல்லவேளை" என்றார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்துணியோடு படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முன் சக்கரத்தின் துளைகளுக்குள் மிச்சமிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தண்ணி படக் கூடாது. பிளைவுட்டு, உப்பிடும்."

"மரச் சக்கரம்மா," என்றார் திரும்பாமல். "தண்ணி காட்டினாத்தான் நிக்கும்."